புது டெஸ்ட்டுக்காக மேக்ஃபைலைத் திறக்க வேண்டியிருக்கக் கூடாது

கேள்வி சுருக்கமாக இது. ஒரு சி ப்ராஜெக்டில் சோர்ஸ் ஒரு ஃபோல்டரிலும் யூனிட் டெஸ்ட்டுகள் இன்னொரு ஃபோல்டரிலும் இருக்கின்றன. ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் மேக்ஃபைலில் (எதை எதிலிருந்து எப்படிக் கட்டுவது என்று 'மேக்' கருவிக்குச் சொல்லும் ஃபைல்) தனி விதி. எந்த ஆப்ஜெக்ட் ஃபைல்களோடு (.சி ஃபைலைக் கம்பைல் செய்தால் கிடைக்கும் .ஓ ஃபைல்கள்) லிங்க் செய்ய, அதாவது ஒரே நிரலாக இணைக்க, வேண்டும் என்ற பட்டியல் அதில் கையால் எழுதப்பட்டிருக்கிறது. இதைப் பொதுவான விதியாகச் சுருக்க முடியுமா? சில டெஸ்ட்டுகளுக்கு மட்டும் மாக் (உண்மையான கோடுக்குப் பதிலாக நிற்கும் போலி) வேண்டும், சிலவற்றுக்குக் கூடுதல் லைப்ரரி வேண்டும் என்றால் என்ன செய்வது?

தாராளமாக முடியும். என் அளவுகோல் ஒன்றுதான். டெஸ்ட் ஃபோல்டரில் புதிதாக ஒரு .சி ஃபைலைப் போட்டுவிட்டு 'மேக் செக்' என்று அடித்தால் அது கம்பைல் ஆகி, லிங்க் ஆகி, ஓடி, முடிவைச் சொல்ல வேண்டும். அதற்காக மேக்ஃபைலைத் திறக்க வேண்டியிருந்தால், குழுவில் பாதிப் பேர் புது டெஸ்ட் ஃபைல் தொடங்காமல், ஏற்கெனவே இருக்கும் ஏதாவது ஒரு ஃபைலின் கடைசியில் சம்பந்தமில்லாத டெஸ்ட்டை ஒட்டிவிட்டுப் போவார்கள். கீழே சொல்வதெல்லாம் குனு மேக்கை, அதாவது மேக்கின் குனு வடிவத்தை, மனதில் வைத்துத்தான்.

தனித்தனி விதிகள் முளைப்பதற்கு முதல் காரணம் அந்த ஆப்ஜெக்ட் பட்டியல். உதாரணமாக, பார்சர் டெஸ்ட்டுக்கு பார்சர்.ஓ வேண்டும், பார்சர் லெக்ஸரைக் கூப்பிடுவதால் லெக்ஸர்.ஓ வேண்டும், லெக்ஸர் பஃபரைக் கூப்பிடுகிறது. நாளைக்கு பஃபர் இன்னொன்றைக் கூப்பிட ஆரம்பித்தால் பத்து விதிகளைத் திருத்த வேண்டும். லிங்கர் தானே கண்டுபிடிக்கக்கூடியதை மனிதர் எழுதிவைக்கத் தேவையில்லை. மெயின் ஃபங்ஷன் இருக்கும் ஃபைலை மட்டும் ஒதுக்கிவிட்டு, மிச்ச ஆப்ஜெக்டுகள் அனைத்தையும் ஒரே ஸ்டாட்டிக் லைப்ரரியாக, அதாவது ஒரு .ஏ ஆர்க்கைவாகக் கட்டுங்கள். உங்கள் நிரலும் அதோடு லிங்க் ஆகட்டும், ஒவ்வொரு டெஸ்ட்டும் அதோடு லிங்க் ஆகட்டும். மெயின் இருக்கும் ஃபைலில் வேறு உருப்படியான ஃபங்ஷன்கள் இருந்தால் அவற்றை வெளியே எடுத்துவிடுங்கள். ஆர்கியுமென்ட்டை வாங்கி ஒரே ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடும் அளவுக்கு அந்த ஃபைல் மெலிந்திருந்தால் போதும்.

ஆர்க்கைவை லிங்கர் முழுதாக விழுங்காது என்பதுதான் இந்த ஏற்பாட்டின் பலம். அதுவரை வரையறை கிடைக்காத பெயர்கள் எவையோ, அவற்றைத் தரும் உறுப்புகளை மட்டும் உள்ளே இழுக்கும். ஆகவே பஃபர் டெஸ்ட்டுக்குள் பார்சர் வராது. யூனிக்ஸ் லிங்கர்கள் பொதுவாக இடமிருந்து வலமாகப் படிக்கும், அதனால் டெஸ்ட்டின் .ஓ முதலில், ஆர்க்கைவ் அதற்குப் பின்னால். மாற்றிப் போட்டால், கண்ணெதிரே இருக்கும் ஃபங்ஷனுக்கே 'வரையறை இல்லை' என்று பிழை வரும்.

ஆர்க்கைவில் ஒரு சிறு பொறியும் உண்டு. ஆர்க்கைவைக் கட்டும் ஏஆர் கட்டளை புது உறுப்பைச் சேர்க்கும், பழையதை மாற்றும். ஆனால் நீங்கள் ப்ராஜெக்டிலிருந்து அழித்துவிட்ட ஃபைலின் ஆப்ஜெக்டைத் தானாக நீக்காது. அழித்த கோட் மாதக்கணக்கில் ஆர்க்கைவுக்குள் உயிரோடு இருந்து டெஸ்ட்டுகளைத் தேறவைக்கும். ஆர்க்கைவ் விதியின் முதல் வரியில் பழைய .ஏ ஃபைலை அழித்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். அதோடு சோர்ஸ் பட்டியலையே ஒரு ஃபைலில் பதிந்து, ஆர்க்கைவை அதைச் சார்ந்திருக்கச் செய்வது நல்லது. இல்லையென்றால் ஒரு ஃபைல் குறைந்தது என்பதே மேக்குக்குத் தெரியாது.

இனி விதிகள். வைல்ட்கார்ட் ஃபங்ஷனால் டெஸ்ட் ஃபோல்டரின் .சி ஃபைல்களைத் திரட்டி, பெயர்களை மாற்றித் தரும் பேட்சப்ஸ்ட் ஃபங்ஷனால் மூன்று பட்டியல்களை உருவாக்கிக்கொள்ளுங்கள்: ஆப்ஜெக்டுகள், இயங்கும் நிரல்கள், 'இந்த டெஸ்ட் தேறியது' என்பதற்கு அடையாளமான காலி ஃபைல்கள். பிறகு எலும்புக்கூடு இவ்வளவுதான்:

$(டெஸ்ட்ஆப்ஜெக்ட்): பில்ட்/டெஸ்ட்/%.ஓ: டெஸ்ட்/%.சி
$(டெஸ்ட்நிரல்): பில்ட்/டெஸ்ட்/%: பில்ட்/டெஸ்ட்/%.ஓ $(லைப்ரரி)
$(தேறியவை): பில்ட்/டெஸ்ட்/%.ஓகே: பில்ட்/டெஸ்ட்/%
செக்: $(தேறியவை)

முதல் மூன்று வரிகளிலும் இரண்டு முக்காற்புள்ளிகள் இருப்பதைக் கவனியுங்கள். இது ஸ்டாட்டிக் பேட்டர்ன் விதி. இடதுபுறம் இலக்குகளின் (உருவாக்க வேண்டியவற்றின்) பட்டியல் வெளிப்படையாக இருக்கிறது. நடுவில் இருக்கும் பேட்டர்ன் ஒவ்வொரு இலக்கிலிருந்தும் பெயரின் நடுத்துண்டைப் பிரித்தெடுக்கிறது. சாதாரண பேட்டர்ன் விதி, அதாவது பட்டியல் இல்லாமல் வெறும் சதவீதக் குறியோடு எழுதுவது, சுருக்கமாகத் தெரியும். ஆனாலும் டெஸ்ட்டுகளுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். மூன்று காரணங்கள்.

சாதாரண பேட்டர்ன் விதியில் தேவையான ஃபைல் கிடைக்காவிட்டால் மேக் அந்த விதியைச் சத்தமில்லாமல் கடந்துபோய் வேறு விதி தேடும். பிழைச் செய்தி வேறெங்கோ வெடிக்கும். ஸ்டாட்டிக் பேட்டர்னில் எந்த ஃபைல் இல்லை என்று நேராகச் சொல்லிவிடும். அடுத்தது, சங்கிலியாக இணையும் பேட்டர்ன் விதிகளில் நடுவில் உருவாகும் ஃபைல்களை மேக் 'இடைநிலை' என்று கருதி வேலை முடிந்ததும் அழித்துவிடும். டெஸ்ட் விழுந்ததும் டிபக்கரில் ஏற்ற நிரலைத் தேடினால் நிரலே இருக்காது. இதற்கு .செகண்டரி, .ப்ரீஷியஸ் போன்ற சிறப்பு இலக்குகளும், 2022-இல் வந்த 4.4 பதிப்பில் .நாட்இன்டர்மீடியட்டும் உண்டு. பட்டியலில் பெயர் வெளிப்படையாக வந்துவிட்டால் அந்தக் கவலையே எழாது. மூன்றாவது காரணம்தான் பலரைக் குழப்புவது: ஃபோனி (ஃபைல் அல்ல, வெறும் பெயர்) என்று அறிவிக்கப்பட்ட இலக்குகளுக்கு மேக் பேட்டர்ன் விதிகளைத் தேடவே தேடாது. 'ரன்-%' என்று அழகாக ஒரு விதி எழுதி, அந்தப் பெயர்களை ஃபோனியாகவும் அறிவித்தால், செய்ய ஒன்றுமில்லை என்று பதில் வரும். ஸ்டாட்டிக் பேட்டர்ன் விதி வெளிப்படையான விதி என்பதால் ஃபோனியோடும் ஒத்துழைக்கும்.

பில்ட் ஃபோல்டரை, சார்புப் பட்டியலில் (இலக்குக்கு முன்பே தயாராக இருக்க வேண்டியவை) செங்குத்துக் கோட்டுக்கு (|) வலப்புறம் போடுங்கள். ஃபோல்டருக்குள் ஒரு ஃபைல் சேர்ந்தாலே ஃபோல்டரின் நேரமுத்திரை மாறிவிடும். சாதாரணச் சார்பாகப் போட்டால் ஒவ்வொரு முறையும் எல்லாம் திரும்பக் கம்பைல் ஆகும்.

ஹெடர் சார்புகளைக் கையால் எழுத வேண்டாம். ஜிசிசி, கிளாங் கம்பைலர்கள் இரண்டிலும் -எம்எம்டி, -எம்பி என்ற இரண்டு ஆப்ஷன்களைக் கொடுத்தால் ஒவ்வொரு .ஓ ஃபைலுக்கும் பக்கத்தில், அது சார்ந்த ஹெடர்களின் பட்டியலோடு, ஒரு .டி ஃபைல் பிறக்கும். அவற்றை மேக்ஃபைலின் கடைசியில் '-இன்க்ளூட்' என்று சேர்த்தால் போதும். முன்னால் உள்ள கழித்தல் குறி, ஃபைல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று மேக்கிடம் சொல்கிறது. -எம்பி எதற்கு? ஒரு ஹெடரை நீங்கள் அழித்துவிட்டால், பழைய .டி ஃபைல் அதைக் கேட்டுப் பில்டையே நிறுத்திவிடும். ஒவ்வொரு ஹெடருக்கும் ஒரு வெற்று விதியைச் சேர்த்து -எம்பி அதைத் தடுக்கிறது.

அடுத்து டெஸ்ட்டை ஓட்டும் பகுதி. இதற்குத்தான் அதிக கவனம் வேண்டும் என்று நினைக்கிறேன். 'செக்' என்ற இலக்கில் ஒரு ஷெல் லூப் போட்டு வரிசையாக ஓட்டுவதைப் பல ப்ராஜெக்டுகளில் பார்க்கலாம். லூப்புக்குள் ஒரு டெஸ்ட் விழுந்தாலும், கடைசி டெஸ்ட் தேறினால் ஷெல்லின் வெளியேற்றக் குறியீடு பூஜ்யம்தான், அதாவது வெற்றி. மேக் எல்லாம் நலம் என்று சொல்லிவிடும். இணையாக ஓட்டவும் வழியில்லை. ஒவ்வொரு டெஸ்ட்டின் முடிவையும் ஒரு ஃபைலாக்கி மேக்கிடமே கொடுத்துவிட்டால் -ஜே போட்டு இணையாக ஓடும். -கே போட்டால் ஒன்று விழுந்தாலும் மற்றவை ஓடி முடியும், மொத்த முடிவு தோல்வி என்றே பதிவாகும். சார்புகள் மாறாத டெஸ்ட் மறுபடி ஓடாது. நூற்றுக்கணக்கில் டெஸ்ட் இருக்கும் இடத்தில் இந்தக் கடைசிப் பலன் ஒன்றே இந்த ஏற்பாட்டுக்குப் போதுமான நியாயம்.

ஓட்டும் விதியில் நடக்க வேண்டியது இதுதான்: டெஸ்ட்டின் வெளியீட்டை .லாக் ஃபைலுக்குத் திருப்புங்கள், விழுந்தால் லாகைத் திரையில் காட்டிவிட்டுத் தோல்விக் குறியீட்டோடு வெளியேறுங்கள், தேறினால் மட்டும் .ஓகே ஃபைலை டச் செய்யுங்கள் (காலியாக உருவாக்குங்கள்). லாகையே இலக்காக வைக்க ஆசை வரும், வைக்காதீர்கள். விழுந்த டெஸ்ட்டின் லாக் புதிதாக இருப்பதால், அடுத்த முறை மேக் அதை முடிந்த வேலையாக எடுத்துக்கொள்ளும். விதி தோற்றால் இலக்கை அழிக்கும் .டெலீட்_ஆன்_எரர் போட்டிருந்தாலோ நீங்கள் படிக்க வேண்டிய லாகே அழிந்துபோகும். திரையிலும் ஃபைலிலும் ஒருசேர வரட்டும் என்று டீ கட்டளைக்குப் பைப் செய்வதும் ஆபத்து: பைப்பின் குறியீடு கடைசிக் கட்டளையுடையது, டீ எப்போதும் வெற்றிதான். பைப்பில் எது தோற்றாலும் தோல்வி என்று சொல்லும் பைப்ஃபெயில் வசதி உள்ள ஷெல்லை மேக்ஃபைலில் அமைத்தால் ஒழிய அந்தப் பக்கம் போக வேண்டாம்.

இணையாக ஓட்டும்போது வெளியீடு கலந்துபோனால், 2013-இல் வந்த 4.0 முதல் -ஓ (அவுட்புட்-சிங்க்) இருக்கிறது. மேக்ஓஎஸ் கூடவே வரும் மேக் 2006-இன் 3.81 என்பதை மறந்துவிடாதீர்கள். பங்களிப்பவர்கள் அங்கேயும் இருந்தால் புது வசதிகள் இல்லாமலும் விதிகள் ஓட வேண்டும்.

டெஸ்ட் படிக்கும் தரவு ஃபைல்கள் மாறினாலும் டெஸ்ட் திரும்ப ஓட வேண்டும். ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் அதே பெயரில் ஒரு தரவு ஃபோல்டர் என்று வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பெயரின் நடுத்துண்டைத் தரும் $* என்ற தானியங்கி மாறி கட்டளை வரிகளில்தான் உயிரோடு இருக்கும். சார்புப் பட்டியலில் அது காலி. அங்கே அதைப் பயன்படுத்த .செகண்ட்எக்ஸ்பேன்ஷன் என்று ஒரு வரி எழுதி, டாலர் குறிகளை இரட்டிப்பாக்க வேண்டும். அப்போது வைல்ட்கார்ட் ஃபங்ஷன் இரண்டாம் சுற்றில், நடுத்துண்டு தெரிந்த பிறகு, விரியும்.

இப்போது கேள்வியின் கடினமான பாதி. விதி பொதுவானது, டெஸ்ட்டுகளோ ஒன்றுக்கொன்று வேறு. இந்த வேற்றுமைகளை விதியாக எழுதாமல் தரவாக எழுதுங்கள் என்பதே என் பதிலின் சாரம். 'வடிவியல்' என்ற டெஸ்ட்டுக்குக் கணித லைப்ரரி வேண்டுமென்றால், லிங்க் கட்டளையின் கடைசியில் $(கூடுதல்_$*) என்று ஒரு முறை எழுதிவிட்டால், கூடுதல்_வடிவியல் என்ற மாறிக்கு மதிப்புக் கொடுப்பது மட்டுமே மிச்சம். மாறி இல்லாத டெஸ்ட்டுக்கு அது வெறுமையாக விரியும். அந்த ஒரு வரியையும் மேக்ஃபைலில் வைக்காமல், டெஸ்ட்டுக்குப் பக்கத்திலேயே வடிவியல்.எம்கே என்று ஒரு சிறு ஃபைலில் வைத்து, அவை அனைத்தையும் இன்க்ளூட் செய்யலாம். பெரும்பாலான டெஸ்ட்டுகளுக்கு அந்த ஃபைலே இருக்காது.

இதே வேலைக்கு இலக்குக்கே உரிய மாறிகளையும் மேக் தருகிறது: இலக்கின் பெயர், முக்காற்புள்ளி, மாறி, மதிப்பு. பார்க்க எளிது, ஆனால் அந்த மதிப்பு இலக்கோடு நிற்காமல் அதன் சார்புகளுக்கும் இறங்கும். ஒரு டெஸ்ட்டுக்காக மாற்றிய கம்பைலர் ஆப்ஷன், அந்த டெஸ்ட் முதலில் பில்ட் ஆனால் லைப்ரரி ஆப்ஜெக்டுகளுக்கும் ஒட்டிக்கொள்ளும். வேறு டெஸ்ட் முதலில் பில்ட் ஆனால் ஒட்டாது. -ஜே போட்டால் எந்த வரிசை என்று யாருக்கும் தெரியாது. 3.82 முதல் உள்ள 'பிரைவேட்' என்ற அடைமொழி இதைத் தடுக்கும்.

மாக் வேண்டுமென்றால், ஆர்க்கைவின் குணம் மறுபடி கைகொடுக்கிறது. சாக்கெட் அடுக்குக்குப் போலி எழுதி அதை மாக்_சாக்கெட்.ஓ ஆக்கி, கட்டளை எதுவும் இல்லாமல் ஒரு வரி மட்டும் எழுதுங்கள்:

பில்ட்/டெஸ்ட்/நெட்வொர்க்: பில்ட்/மாக்/மாக்_சாக்கெட்.ஓ

மேக் இந்தச் சார்பைப் பொது விதியின் சார்புகளோடு சேர்த்துக்கொள்ளும். பெயர்கள் மாக்கிலேயே கிடைத்துவிடுவதால் லிங்கர் ஆர்க்கைவிலிருந்து உண்மையான சாக்கெட்டை இழுக்காது. இரண்டு எச்சரிக்கைகள். லிங்க் கட்டளையில், எல்லாச் சார்புகளையும் தரும் $^ என்பதை அப்படியே போட்டால் மாக் ஆர்க்கைவுக்குப் பின்னால் போய் விழலாம். அப்போது உண்மையானது முதலில் உள்ளே வந்து, பிறகு 'இரட்டை வரையறை' என்று பிழை வரும். ஃபில்டர் ஃபங்ஷனால் .ஓ எல்லாம் முதலில், .ஏ எல்லாம் பிறகு என்று பிரித்துப் போடுங்கள். இரண்டாவது, மாக் அந்த ஃபைலில் டெஸ்ட்டுக்குத் தேவைப்படும் எல்லாப் பெயர்களையும் தர வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் அதற்காக உண்மையான உறுப்பு முழுவதும் உள்ளே வந்து மோதும். இந்த மோதல் எரிச்சலாக இருந்தாலும் நல்லது. பாதி போலி, பாதி உண்மை என்ற நிலையில் டெஸ்ட் ஓடாமல் காப்பாற்றுகிறது.

ஒரே ஒரு ஃபங்ஷனை மட்டும் மாற்ற வேண்டுமென்றால், உதாரணமாக நினைவகம் கேட்கும் மாலாக் தோற்பதுபோல் நடிக்க, குனு லிங்கரின் --ராப் ஆப்ஷன் இருக்கிறது. மாலாக்குக்குப் போகும் அழைப்புகள் '__ராப்_' முன்னொட்டுள்ள உங்கள் ஃபங்ஷனுக்குத் திரும்பும். அசலுக்கு '__ரியல்_' முன்னொட்டு. சிமாக்கா என்ற டெஸ்ட் லைப்ரரியைப் பயன்படுத்துவோருக்கு இது பழகிய வழி. ஆனால் ஒரே சோர்ஸ் ஃபைலுக்குள் ஒரு ஃபங்ஷன் இன்னொன்றைக் கூப்பிடும்போது இது பலிக்காது, ஏனென்றால் அந்தப் பெயருக்கு வரையறை அங்கேயே இருக்கிறது. ஸ்டாட்டிக் ஃபங்ஷனை (தன் ஃபைலுக்கு வெளியே தெரியாதது) டெஸ்ட் செய்ய வேண்டுமானால் .சி ஃபைலையே டெஸ்ட்டுக்குள் இன்க்ளூட் செய்யலாம். பொது விதிக்கு எந்த மாற்றமும் தேவையில்லை: சார்பை -எம்எம்டி பார்த்துக்கொள்ளும், அந்த உறுப்பின் பெயர்கள் ஏற்கெனவே கிடைத்துவிட்டதால் லிங்கர் அதை ஆர்க்கைவில் தேடாது.

கம்பைலர் ஆப்ஷன்களை மாற்றினால் மேக்குக்குத் தெரியாது, அது பார்ப்பது ஃபைல்களின் நேரத்தை மட்டும். சானிடைசர் (ஓடும்போதே பிழைகளைப் பிடிப்பது), கவரேஜ் (எந்த வரிகள் ஓடின என்று அளப்பது), சாதாரணம் என்று ஒவ்வொரு வகைக்கும் தனி பில்ட் ஃபோல்டர் வையுங்கள். பில்ட் ஃபோல்டரின் பெயரை மாறியாக்கினால் மேலே உள்ள விதிகள் அப்படியே ஓடும். அட்ரஸ் சானிடைசர் ஆப்ஷனைக் கம்பைல், லிங்க் இரண்டு படிகளிலும் கொடுக்க வேண்டும். வரையறையற்ற நடத்தையைப் பிடிக்கும் சானிடைசர் இயல்பாகச் செய்தியை அச்சிட்டுவிட்டுத் தொடர்ந்து ஓடும், டெஸ்ட்டும் தேறிவிடும்; -எஃப்நோ-சானிடைஸ்-ரெகவர் கொடுத்தால்தான் தோல்வியாகும். நினைவகப் பிழைகளைத் தேடும் வால்கிரைண்டும் அப்படியே: --எரர்-எக்ஸிட்கோட் கொடுக்காவிட்டால் அது உங்கள் நிரலின் குறியீட்டையே திருப்பும். இவற்றை ஓட்டுவதற்கு, ஓட்டும் கட்டளையின் முன்னால் 'ரன்னர்' என்று ஒரு காலி மாறி வைத்துவிடுங்கள். வால்கிரைண்ட், டைம்அவுட், வேறு ப்ராசஸருக்கு கம்பைல் செய்தால் க்யூஎமு எமுலேட்டர் எல்லாம் அதில் அடங்கும்.

நிபந்தனை பொய்யானால் நிரலை நிறுத்தும் அசர்ட் மேக்ரோவை நம்பி டெஸ்ட் எழுதியிருந்தால் என்டிபக் வரையறுக்கப்பட்ட பில்டில் எல்லா அசர்ட்டும் காணாமல் போகும், எல்லா டெஸ்ட்டும் தேறும். டெஸ்ட் ஆப்ஜெக்டுகளின் கம்பைல் வரியில் -யு ஆப்ஷனால் என்டிபக்கை நீக்குங்கள், அல்லது அசர்ட்டைச் சாராத ஒரு சோதனை மேக்ரோவை வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

இதற்கும் மேலே போய், மேக்கின் ஈவல், கால், ஃபோர்ஈச் ஃபங்ஷன்கள் மூன்றையும் கோர்த்து விதிகளையே உருவாக்கும் விதிகளை எழுதுபவர்கள் உண்டு. ஒரே டெஸ்ட்டை மூன்று வகையாக ஒரே ஓட்டத்தில் பில்ட் செய்ய வேண்டிய இடத்தில் அதற்குத் தேவை இருக்கிறது. மற்றபடி அதைத் தவிருங்கள். இரட்டை டாலரும் நான்கு டாலரும் நிறைந்த பக்கத்தை அடுத்தவர் திருத்தத் துணிய மாட்டார். சிமேக் என்ற இன்னொரு பில்ட் கருவியில் இதே எண்ணத்தைப் பெயரையும் கூடுதல் சார்புகளையும் வாங்கும் ஒரு சிறு ஃபங்ஷனாக எழுதலாம். அங்கே வைல்ட்கார்ட் கான்ஃபிகர் நேரத்தில்தான் ஓடும், புது ஃபைலைத் தானாகக் கவனிக்காது; 3.12 முதல் உள்ள கான்ஃபிகர்_டிபென்ட்ஸ் சேர்க்க வேண்டும். மெசான் என்ற பில்ட் கருவியில் வைல்ட்கார்டே கிடையாது, டெஸ்ட் பெயர்களின் பட்டியலை எழுதி ஃபோர்ஈச் போட வேண்டும். அங்கே ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் இயல்பான காலவரம்பு 30 நொடி. மேக்ஃபைலை உருவாக்கித் தரும் ஆட்டோமேக்கும், மெசானும் வெளியேற்றக் குறியீடு 77-ஐ 'தவிர்க்கப்பட்டது' என்று எடுத்துக்கொள்ளும். உங்கள் மேக் விதியிலும் அதையே பின்பற்றினால் பிற்பாடு மாறுவது எளிது: 77 வந்தால் தோல்வி என்று சொல்லாதீர்கள், .ஓகே ஃபைலையும் உருவாக்காதீர்கள். அடுத்த முறை மறுபடி முயலட்டும்.

எழுதி முடித்ததும் விதிகளையும் சோதியுங்கள். இரண்டு முறை தொடர்ந்து 'மேக் செக்' ஓட்டினால் இரண்டாம் முறை எதுவும் நடக்கக் கூடாது. ஒரு ஹெடரைத் தொட்டால் அதைச் சார்ந்தவை மட்டும் கம்பைல் ஆக வேண்டும். வேண்டுமென்றே விழும் ஒரு டெஸ்ட்டைப் பட்டியலின் முதலிலும் நடுவிலும் வைத்து, மேக்கின் குறியீடு பூஜ்யமில்லை என்று பாருங்கள். நினைவகத்தில் தப்பான இடத்தைத் தொட்டுச் செத்துப்போகும் டெஸ்ட் ஒன்றையும், முடிவில்லாமல் சுற்றும் டெஸ்ட் ஒன்றையும் வைத்துப் பாருங்கள். பில்ட் ஃபோல்டரை அழித்துவிட்டு -ஜே16 போட்டு ஓட்டுங்கள். எழுத மறந்த சார்பு ஏதாவது இருந்தால் பெரும்பாலும் இங்கேதான் மாட்டும்.